மேலே ஒன்று, கீழே ஒன்று: குளுகோர் வீட்டில் எலி வேட்டை

வீட்டில் எலி என்று சொன்னாலே கேட்பவர்கள் ஆளுக்கொரு மருந்துப் பெயர் சொல்வார்கள். எந்த எலி என்று யாரும் கேட்பதில்லை. மருந்தோ, பொறியோ, சிமெண்டோ, எதற்குச் செலவு செய்வதற்கு முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏறிப் போகும் எலிக்கும் தோண்டிப் போகும் எலிக்கும் வழி வேறு, ருசி வேறு, பிடிக்கும் முறையும் வேறு. சில சமயம் வந்திருப்பது எலியே கிடையாது.

எங்களுடையது பினாங்குத் தீவில், குளுகோர் பக்கம் ஒரு பழைய ஒற்றை மாடித் தொடர் வீடு. ஓட்டுக்கூரை, அதன் கீழே பலகை சிலிங், பின்கதவைத் திறந்தால் சந்து, சந்தில் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை ஒன்று எங்கள் ஓட்டின்மேல் சாய்ந்து கிடந்தது. இந்த மாதிரி வீட்டில் ராத்திரி சத்தம் போடக்கூடிய ஜீவன்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே முதல் வேலையாகச் சத்தத்தைக் கவனித்தேன்.

பகலில் சிலிங்குக்கு மேல் ஓட்டம் கேட்டால் அணிலாக இருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரியில் அணில் தூங்கிவிடும். நடுநிசியில் தொம் தொம் என்று கனத்த காலடி கேட்டு, கூரையில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சமும் கிடந்தால் அது மூசாங், அதாவது மரநாய். அதற்குப் பொறி வைக்கக் கூடாது, வனவிலங்குத் துறைக்குத்தான் போன் போட வேண்டும். எங்கள் வீட்டில் கேட்டது இரண்டு விதம். விளக்கணைத்து அரை மணி நேரத்தில் சிலிங்கில் அடுப்படிப் பக்கத்திலிருந்து முன்னறைவரை சரசரவென்று ஓர் ஓட்டம், அப்புறம் ஒரே இடத்தில் நின்று கரகரவென்று கொறிக்கும் சத்தம். அது ஒன்று. இன்னொன்று அடுப்படித் தரையில், சுவரை ஒட்டியே ஓடும். ஓடும்போதே கீச் கீச் என்று கத்தும். மறுநாள் காலையில் அந்த மூலையில் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்கும்.

சத்தத்தை மட்டும் நம்பினால் போதாது, காலடித் தடம் பார்க்க வேண்டும். பலர் கோதுமை மாவைத் தூவுவார்கள். அது விருந்து வைப்பதற்குச் சமம், தடம் பதியுமுன் மாவு காலியாகிவிடும். நான் எடுத்தது கோலமாவு. அரிசிமாவு கலக்காத வெறும் கல்மாவு. டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் மெல்லிய படலமாக விழும். அடுப்படிச் சுவரோரம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, மேல்அலமாரியின் தலைப்பக்கம் என்று மூன்று இடத்தில் தூவினேன். "அடுப்படிக்குள்ள எதுக்குடா கோலம்?" என்றார் அம்மா. சொன்னேன். "பார்த்து, மிளகுத்தூள் டப்பாமேல கொட்டிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

காலையில் டார்ச் லைட்டைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் தடம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். எலி, அணில் போன்ற கொறிப்பன எல்லாவற்றுக்கும் முன்காலில் நான்கு விரல்தான் பதியும், பின்காலில் ஐந்து. அலமாரித் தலையில் இருந்தது அந்தக் கணக்குத்தான்: நான்கு, ஐந்து, நடுவே வால் இழுபட்ட கோடு விட்டு விட்டு. தரையில் இருந்த தடம் அதைவிடச் சின்னது, நான்கு காலிலும் ஐந்தைந்து விரல். அப்படியென்றால் அது எலி இனமே இல்லை. மூஞ்சூறு.

புழுக்கையும் அதையே சொன்னது. தரையில் கிடந்தது ஈரமாக, நாற்றத்தோடு இருந்தது. குச்சியால் கிளறினால் கரப்பான் இறக்கைத் துணுக்குகள். மேல்அலமாரியில் கிடந்தவை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், லேசாக வளைந்து, இரண்டு முனையும் கூர். அது கூரை எலியின் அடையாளம். லோங்காங்கில் வாழும் சாக்கடை எலியின் புழுக்கை இன்னும் பெரிது, 18, 20 மில்லிமீட்டர்வரை போகும், முனைகள் மழுங்கியிருக்கும். சுண்டெலியுடையது அரிசிமணி அளவைத் தாண்டாது, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம்.

ஆளைப் பார்க்கக் கிடைத்தால் வாலையும் காதையும் பாருங்கள். கூரை எலி ஒல்லி. மூக்கு கூர், காது பெரிது, வால் தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தைவிட அதிகம். கம்பிமேல் நடக்க அந்த வால்தான் அதற்குத் துணை. சாக்கடை எலிக்குத் தடித்த உடம்பு, மழுங்கிய மூக்கு, சின்னக் காது, உடம்பைவிடக் குட்டையான வால். பினாங்கில் பெருச்சாளியும் உண்டு. சுவர் ஓரத்தில் வளை, வளை வாசலில் புதுமண் குவியல் இருந்தால் தோண்டுகிற ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றைத் தேடிச் சிலிங்கில் ஏறுவது வீண்வேலை.

கீழே இருந்தவரின் விவகாரம் சீக்கிரம் முடிந்தது. கம்பிக்கூண்டில் வறுத்த நெத்திலி ஒன்றைக் கட்டிச் சுவரை ஒட்டி வைத்தேன். மூஞ்சூறு புதுப் பொருளைக் கண்டு தயங்குவதில்லை, சுவரோரமாக வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டது. நீண்டு துடிக்கும் மூஞ்சி, கண் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குப் பொடிக் கண், தடித்த வாலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீள ரோமம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளையார் வாகனம்டா, கொண்டுபோய் விட்டுடு" என்றார். எனக்கும் கொல்லும் எண்ணம் இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி அது. ஒன்று மட்டும் கவனம்: மூஞ்சூறுக்குப் பசி தாங்காது, கூண்டில் பல மணி நேரம் கிடந்தால் செத்துவிடும். அதனால் கூண்டு வைத்தால் படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை பார்க்க வேண்டும். சந்தில் திறந்துவிட்டேன். அது வந்த வழி பின்கதவின் அடி இடைவெளி. இரண்டு விரல் நுழையும். ரப்பர் பட்டை ஒன்றை வாங்கிக் கதவடியில் திருகினேன். குளியலறை நீர்போக்கியின் உடைந்த மூடியை மாற்றினேன். கரப்பானுக்குத் தனியாகப் பசைமருந்து வைத்தேன். கீழ்த்தளம் அவ்வளவுதான்.

மேலே இருந்ததுதான் பெரிய வேலை.

பக்கத்து வீட்டு அண்ணன் மதில்மேல் சாய்ந்தபடி யோசனை சொன்னார். "தம்பி, நீலக் கட்டி வாங்கிச் சிலிங்ல நாலு வீசு. தின்னுட்டுத் தண்ணி தேடி வெளியே ஓடிச் செத்துப்போகும்." ஊர் முழுக்க இப்படித்தான் நம்புகிறார்கள். நீலமோ பச்சையோ, அந்தக் கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ப்ரோடிஃபாகும், ப்ரோமாடியோலோன் போன்ற ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து. உடம்பில் வைட்டமின் கே வேலை செய்யும் வழியை அடைத்து, உள்ளேயே ரத்தம் கசிந்து சாகவைக்கும். தின்ற அன்றே சாகாது, பல நாள் ஆகும். அதனால்தான் மற்ற எலிகளுக்குச் சந்தேகமும் வருவதில்லை. ஆனால் தண்ணீர் தேடி வெளியே ஓடும் என்பதெல்லாம் கதை. தளர்ந்த எலி தன் கூட்டில்தான் முடங்கும். கூடு எங்கள் சிலிங்கில். பினாங்கு வெயிலில் ஓட்டுக்குக் கீழே செத்த எலி கிடந்தால் முன்னறையில் உட்கார முடியுமா?

இன்னொரு காரணமும் இருந்தது. மருந்து தின்று தள்ளாடும் எலியைச் சந்துப் பூனையோ கூகை என்கிற ஆந்தையோ பிடித்தால் அந்த விஷம் அதற்கும் ஏறும். எங்கள் வீட்டிலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எட்டிப் பிடிக்கும் தூரம். அங்கே உள்ளவர்கள் நகரத்து எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைத்து எலியைக் குறைப்பது இந்த நாட்டில் பல்லாண்டு வழக்கம். அதே சுற்றுவட்டாரத்தில் நான் விஷம் வீச மனம் வரவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "சரி, அப்ப நீ எப்படித்தான் பிடிப்பேன்னு பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

மற்ற வைத்தியங்களைப் பற்றி ஒரு வரி. பிளக்கில் செருகினால் எலிக்கு மட்டும் கேட்கும் ஒலி வரும் என்று விற்கும் கருவிகளுக்கு எலிகள் சீக்கிரம் பழகிவிடும். அந்துருண்டையை அள்ளி வீசினால் அதன் ஆவி எலியைவிட வீட்டு ஆட்களுக்குத்தான் கெடுதல். பசை அட்டையில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடிக்கும். பல்லியும் மூஞ்சூறும் சேர்ந்து ஒட்டும். நான் அதை வாங்குவதில்லை.

சிலிங் வாசலைத் திறந்து ஏறும்போது முகக்கவசம், ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. ஏறியதும் செய்ய வேண்டியது டார்ச்சை அணைப்பது. இருட்டில் கண் பழகியபின் எங்கெங்கே பகல் வெளிச்சம் கீற்றாக விழுகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், பெரிய எலிக்குக் கட்டைவிரல் நுழையும் ஓட்டை போதும். கண்டது நான்கு: ஓட்டின் கடைசி வரிசைக்கும் விளிம்புப் பலகைக்கும் நடுவே நீளமான இடைவெளி, ஏர்கான் செம்புக்குழாய் சுவரைத் துளைக்கும் இடம், யாரோ எப்போதோ டிவி கேபிளுக்காகப் போட்டுவிட்டு மூடாத ஓட்டை, அப்புறம் அண்ணன் வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரின் உச்சியில் செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து.

டார்ச்சைப் போட்டுப் பார்த்தால் நடைபாதையே தெரிந்தது. உத்தரக் கட்டையின் ஓரம் முழுக்க மினுமினுப்பான கறுப்புத் தடம். ஒரே வழியாக ஓடி ஓடி ரோமத்தின் எண்ணெயும் அழுக்கும் தேய்ந்து படிந்தது அது. மூலையில் கிழிந்த வெப்பத் தடுப்புத் தாளும் தேங்காய் நாரும் மாம்பழக்கொட்டையும் சேர்ந்த கூடு. குட்டிகள் இல்லை. அதற்குப் பக்கத்தில் முன்னறை விளக்குக்குப் போகும் வயர், உறை கடிபட்டுச் செம்பு பளிச்சென்று தெரிய நின்றது.

எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துக் கொறித்துத்தான் அதை அளவாக வைத்துக்கொள்ள முடியும். பசிக்கும் வயருக்கும் சம்பந்தமே இல்லை. 230 வோல்ட் ஓடும் செம்பு, பக்கத்திலேயே காய்ந்த நார். உடனே இறங்கி மெயின் சுவிட்சை அணைத்தேன். அன்றைக்கே அனுமதி பெற்ற வயர்மேன் ஒருவரை வரவழைத்து அந்தத் துண்டை மாற்றிக் குழாய்க்குள் போடச் சொன்னேன். டேப் சுற்றிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓட்டை தெரிந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் உடனே அடைத்தால் எலி உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே போக சிலிங்கையே கொறிக்கும். எது புழக்கத்தில் இருக்கும் வழி என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை: பழைய தமிழ்ப் பேப்பரைக் கசக்கி ஒவ்வோர் ஓட்டையிலும் லேசாகச் செருகினேன். கேபிள் ஓட்டையிலும் ஏர்கான் குழாயிலும் பேப்பர் அசையவில்லை. விளிம்பு இடைவெளியில் இருந்தது ஒவ்வொரு காலையும் கீழே கிடந்தது. பொதுச்சுவர்ப் பொந்தில் இருந்தது ஒரு நாள் இருந்தது, ஒரு நாள் காணவில்லை.

அசையாத இரண்டையும் முதலில் அடைத்தேன். சுருட்டித் திணிக்கக் கடையில் இரும்புப் பஞ்சுதான் காட்டுவார்கள். கடல்காற்று வீசும் இந்தத் தீவில் அது சீக்கிரமே துருப்பொடியாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் வாங்கி, ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி இறுக்கமாகத் திணித்து, மேலே ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவை பூசினேன். ஸ்ப்ரே நுரை மட்டும் அடித்து விடுபவர்கள் உண்டு. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் எலிக்கு அது ஒரு ராத்திரி வேலை. ஏர்கான் குழாயைச் சுற்றி மட்டும் சிமெண்ட் வேண்டாம், நாளைக்குச் சர்வீஸ் பையன் வந்தால் உடைக்க வேண்டிவரும். ஸ்டீல் நாரும் சிலிக்கோனும் போதும்.

மாமரக் கிளையைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன், அவரே வெட்டுக்கத்தியோடு ஏறிக் கழித்துவிட்டார். கூரைக்கும் கிளைக்கும் நடுவே இப்போது ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இடம் இருக்கிறது. கூரை எலி நன்றாகத் தாவும், அதனால் ஒரு சாண், இரண்டு சாண் கழிப்பதெல்லாம் கணக்கில் வராது.

அப்புறம் பொறி. சிலிங்கில் அடிபொறி வைப்பது என்று முடிவு செய்தேன். கூண்டில் உயிரோடு பிடித்தால் என்ன செய்வது? தூரத்தில் கொண்டுபோய் விட்டால் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதாக ஆகும், தண்ணீரில் முக்குவது கொடுமை. நல்ல சுருள்வில் உள்ள பெரிய அளவுப் பொறி கழுத்தில் அடித்தால் அந்த நொடியே முடிந்துவிடும். சுண்டெலிக்கான சின்னப் பொறி இதற்கு ஆகாது, அடிபட்டு ஊனமாகத் தப்பும்.

வைக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்புத் தடம் படிந்த உத்தரத்தின்மேல், ஓடும் பாதைக்குக் குறுக்காக, இரை இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். பொறியோடு எலி விழுந்துவிடாமல் மெல்லிய கம்பியால் உத்தரத்தோடு கட்டினேன். இரைக்குக் கருவாடு வைப்பது நம் வழக்கம். ஆனால் கூரை எலி பழமும் கொட்டையும் விரும்புகிற ஜாதி. கூட்டில் கிடந்த மாம்பழக்கொட்டையே அதற்குச் சாட்சி. நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லை நூலால் இரைத்தட்டில் இறுக்கிக் கட்டி, மேலே கொஞ்சம் கடலை வெண்ணெய் தடவினேன். கட்டாவிட்டால் நேக்காக எடுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் சில ராத்திரி பொறியை விரிக்கவே இல்லை. எலிக்குப் புதுப் பொருள் என்றால் ஆகாது. நேற்றுவரை இல்லாத ஒன்று வழியில் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். விரிக்காத பொறியில் இரையை மட்டும் வைத்துப் பழக்கினால் பயம் தெளியும். தேங்காய்ச் சில்லில் பல்தடம் விழுந்து, அது தினமும் குறைய ஆரம்பித்தபின் ஒரே ராத்திரியில் எல்லாப் பொறியையும் விரித்தேன். சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்திலேயே மேலே 'டக்' என்று கேட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

பெரிய பெண் எலி அது. அடுத்த ராத்திரிகளில் இளசுகள் விழுந்தன. கூரை எலி கருவுற்று மூன்று வாரத்தில் குட்டி போடும், குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானே தாயாகும் பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே ஒன்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று பொறியை எடுத்து வைக்கக் கூடாது. மேலே சத்தமும் இல்லை, தேங்காயும் தேயவில்லை, தூவிய கோலமாவும் அப்படியே இருக்கிறது என்ற நிலை ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் விளிம்பு இடைவெளியை மூடினேன். 6 மில்லிமீட்டர் கண் உள்ள துத்தநாகம் பூசிய சதுரக்கண் கம்பிவலை, தகரக் கத்தரியால் நீளவாட்டில் வெட்டி, எல் வடிவில் மடித்து, விளிம்புப் பலகையில் திருகாணியால் பிடித்தேன். வலை என்பதால் கூரைக்குள் காற்றோட்டம் கெடாது. கோழிக்கூண்டு வலை வேண்டாம், அதன் கண் பெரிது, கம்பி மெல்லிது.

சுத்தம் செய்வதில்தான் அதிகப் பேர் அவசரப்படுகிறார்கள். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாலோ வேக்குவம் போட்டாலோ காய்ந்த புழுக்கையின் தூசி நேராக மூச்சில் ஏறும். ஒரு பங்கு குளோரின் ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர். புழுக்கை, கூடு எல்லாம் நன்றாக நனையத் தெளித்து, குறைந்தது ஐந்து நிமிடம் ஊறவிட்டேன். வயர் பக்கம் மட்டும் தெளிக்காமல் நனைத்த துணியால் துடைத்தேன். எல்லாவற்றையும் காகிதத்தால் வாரி இரட்டைப் பையில் கட்டினேன். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு கழுவும் திரவத்தையோ கலக்க வேண்டாம், விஷவாயு கிளம்பும். செத்த எலியையும் இப்படியே நனைத்து, கையுறையோடு பையில் போட வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்றால் எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி கையில் ஒரு கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். மலாயில் 'கென்சிங் தீகுஸ்' என்று எல்லோரும் அறிந்த நோய்தான். 2010 முதல் இந்த நாட்டில் மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. எலி நடமாடிய இடத்தைத் துப்புரவு செய்த சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு என்று ஏதாவது வந்தால் கிளினிக்கில் "வீட்டில் எலி இருந்தது, நான்தான் சுத்தம் செய்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெங்கி என்று மட்டும் நினைத்து நாள் கடத்தக் கூடாது.

அம்மா இப்போது அரிசியை மூடி இறுகும் டின்னுக்கு மாற்றிவிட்டார். சாமி அறையில் படைத்த வாழைப்பழத்தை ராத்திரி எடுத்துவிடுகிறார். இரண்டு பொறியை மட்டும் விரித்தபடி மேலே விட்டிருக்கிறேன்.

பாக்கி இருப்பது பொதுச்சுவர்ப் பொந்து. எங்கள் பக்கம் செங்கல் வைத்துப் பூசியாயிற்று. ஆனால் அண்ணன் வீட்டு விளிம்புப் பலகையிலும் அதே இடைவெளி இருக்கிறது, போன வாரம் அவருடைய கார் எஞ்சினில் ஒரு வயரும் கடிபட்டிருக்கிறது. நீலக் கட்டியைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. "தம்பி, அந்த வலை மிச்சம் எத்தனை அடி இருக்கு?" என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் போதுகிற அளவு இல்லை. சனிக்கிழமை ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடைக்கு இரண்டு பேரும் போகிறோம். அதற்குள் பேப்பரைக் கசக்கி ஓட்டைகளில் செருகி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.